வங்கியில் 11, கணினியில் 12



எம்மில் பலர் இன்று கடையிலே கணினி வைத்திருக்கின்றோம். பில் அடிப்பதற்கென்று வாங்கிய அந்தக் கணினிக்குள் இப்போது கணக்கு மென்பொருளும் வந்து குடியேறிவிட்டது. சிலரிடம் டேலி, சிலரிடம் குவிக்புக்ஸ், இன்னும் சிலரிடம் மாதக் கட்டணத்துக்கு இணையத்தில் கிடைக்கும் வேறொன்று. "வங்கிக் கூற்றை இணையத்திலிருந்து இறக்கி அப்படியே உள்ளே ஏற்றிவிடுங்கள், கணக்கு முடிந்தது" என்று மென்பொருள் விற்க வரும் இளைஞர்கள் சொல்கின்றனர்.

ஏற்றுவது இரண்டு நிமிட வேலைதான். ஆனால் ஏற்றுவது வேறு, ஒப்பிட்டு இணக்கம் காண்பது வேறு. இந்த வித்தியாசம் எனக்கும் நன்றாகத் தெரிந்திருக்கவில்லை. அதனால் எமது கடையில் வேலை செய்யும் ஓர் ஏழைப் பிள்ளையின் மானம் போகப் பார்த்தது. இதனை எழுத எனக்கு வெட்கம்தான். எனினும் இன்னொரு கடையில் இன்னொரு பிள்ளைக்கு இது நேராமல் இருக்கட்டும் என்பதற்காக எழுதுகின்றேன்.

சனிக்கிழமை போட்ட பணம்

எமது புடவைக் கடையில் ஒவ்வொரு நாளும் சேரும் காசை எண்ணி, குறிப்புப் புத்தகத்தில் எழுதி, கடைப் பிள்ளை ஒருவரிடம் கொடுத்தனுப்புவோம். அவர் அதை வங்கியின் காசு வைப்பு இயந்திரத்தில் போட்டுவிட்டுச் சீட்டைக் கொண்டுவந்து தருவார். குறிப்புப் புத்தகத்தைப் பார்த்துக் காசாளர் அன்றே மென்பொருளில் பதிவார். அந்தச் சனிக்கிழமை கொடுத்த தொகை 145,000 ரூபா.

மாத முடிவில் எனது சகோதரியின் மகன் வந்து வங்கிக் கூற்றை இறக்கி மென்பொருளில் ஏற்றுவான். கணக்கியல் படிக்கின்ற பிள்ளை, கெட்டிக்காரன். ஏற்றிய வரிகளையெல்லாம் மொத்தமாகத் தெரிவுசெய்து, "அனைத்தையும் சேர்" என்ற பொத்தானை அழுத்திவிட்டுப் போய்விட்டான். இரண்டு மாதம் கழிந்தது. மார்ச் 31இல் ஆண்டுக் கணக்கை முடித்துக் கணக்காய்வாளரிடம் கொடுக்க வேண்டியிருந்தது. அப்போது மென்பொருளில் வங்கி இணக்கக் கூற்றைத் தயாரித்தபோது, வங்கிக்கு வந்து சேராத வைப்பு என்று ஒரே ஒரு வரி மிஞ்சி நின்றது. சனிக்கிழமை, 145,000 ரூபா.

காசோலையாக இருந்தால் தாமதம் என்று சொல்லலாம். காசுக்கு என்ன தாமதம்? "மாமா, இந்தக் காசு பேங்குக்குப் போகவே இல்ல" என்றான் மருமகன். சீட்டைத் தேடினோம். கோப்பில் சீட்டு இருந்தது. ஆனால் அந்த இயந்திரம் தருவது சூட்டில் எழுத்துப் பதியும் தாள். வெயில்படும் அலுமாரியில் இரண்டு மாதம் கிடந்ததில் எழுத்தெல்லாம் அழிந்து வெறும் வெள்ளைத் தாளாகக் கிடந்தது. அந்தப் பிள்ளைக்கு இருந்த ஒரே சாட்சியும் போய்விட்டது.

அவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். கடையில் மற்றவர்களும் நின்றார்கள், அது நான் செய்த இரண்டாவது பிழை. "முதலாளி, நான் மெஷின்ல போட்டுட்டுத்தான் வீட்ட போன. ஒங்கட சல்லியில நான் கை வைக்கல்ல" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. சுபஹ் தொழுதுவிட்டு நேரே கடைக்குப் போய், அந்த மாதத்து வங்கிக் கூற்றை அச்செடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தொகையைக் கூட்டவில்லை. வைப்புகளின் எண்ணிக்கையை மட்டும் எண்ணினேன். வங்கிக் கூற்றில் காசு வைப்பு 11. எமது குறிப்புப் புத்தகத்தில் 11. கணினியில் மட்டும் 12.

அதன் பிறகு காரணத்தைக் கண்டுபிடிக்கப் பத்து நிமிடம் கூட ஆகவில்லை. சனிக்கிழமை மாலை போட்ட பணத்தை வங்கி திங்கட்கிழமைத் திகதியில் காட்டியிருந்தது. காசாளர் சனிக்கிழமைத் திகதியில் ஒரு முறை பதிந்திருந்தார். கூற்றை ஏற்றியபோது திங்கட்கிழமைத் திகதியில் அதே பணம் மீண்டும் ஒரு முறை, விற்பனை வருமானம் என்ற பெயரில், உள்ளே வந்துவிட்டது. திங்கட்கிழமை வரி வங்கியோடு பொருந்திப் போக, சனிக்கிழமை வரி அநாதையாக நின்றது. திங்கள் வந்தது வேறொரு பணம் என்று மருமகன் நினைத்துவிட்டான். பணம் ஒன்றுதான், பதிவுதான் இரண்டு.

கடை திறந்ததும், முதல் நாள் நின்ற அதே ஆட்கள் முன்னிலையில் அந்தப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல முதலாளி" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டார். ஆனால் அன்று மாலை வங்கிக்குப் பணம் கொடுத்தபோது, என் முன்னாலேயே நின்று இரண்டு தடவை எண்ணினார். அதற்கு முன்னர் அவர் ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை.

வங்கிக் கூற்று யாருடைய புத்தகம்?

முதலில் ஓர் அடிப்படை விடயம். வங்கிக் கூற்று எமது கணக்கல்ல. அது வங்கியின் புத்தகத்தில் எமது பெயரில் உள்ள பக்கத்தின் பிரதி. நாம் போடும் பணம் வங்கிக்குக் கடன், எமக்குச் சொத்து. ஆகவேதான் எமது புத்தகத்தில் வரவு என்று இருப்பது அவர்கள் கூற்றில் கிரெடிட் என்றும், எமது புத்தகத்தில் செலவு என்று இருப்பது அங்கே டெபிட் என்றும் எதிர்ப்பக்கமாக இருக்கின்றது. கூற்றை ஏற்றும்போது எந்த நிரல் பணம் வந்தது, எந்த நிரல் பணம் போனது என்று மென்பொருள் கேட்கும். அங்கே சொற்களை வைத்துக் குழம்பாமல், உங்களுக்கு நன்கு தெரிந்த ஒரு வைப்பை எடுத்து அது எந்த நிரலில் இருக்கின்றது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

இரண்டு புத்தகமும் ஒரே பணத்தைப் பற்றி இரண்டு பேர் தனித்தனியே எழுதியவை. இணக்கம் காண்பது என்றால் இந்த இரண்டு சாட்சிகளையும் ஒன்றுக்கொன்று எதிரே நிறுத்திக் கேட்பதாகும். வங்கிக் கூற்றை ஏற்றி "அனைத்தையும் சேர்" என்று அழுத்தும்போது நாம் என்ன செய்கின்றோம்? ஒரு சாட்சி சொன்னதை மற்ற சாட்சியின் வாயிலும் திணிக்கின்றோம். அதன் பிறகு இரண்டும் ஒத்துப் போவதில் என்ன பெறுமதி இருக்கின்றது?

எந்தக் கோப்பு நல்லது?

வங்கிகளின் இணையச் சேவையிலிருந்து கூற்றைப் பல வடிவங்களில் எடுக்கலாம். எல்லா வங்கியும் எல்லா வடிவத்தையும் தருவதில்லை.

பீ.டி.எப். என்பது வாசிப்பதற்கும் அச்செடுப்பதற்கும் உகந்தது. மென்பொருள்கள் பல அதனை நேரடியாக ஏற்பதில்லை. ஆனால் அதனை எப்போதும் தனியே சேமித்து வையுங்கள். மற்றக் கோப்புகளை யாரும் திறந்து ஓர் எண்ணை மாற்றிவிட முடியும், வங்கி அனுப்பிய பீ.டி.எப்.பில் அது அவ்வளவு எளிதல்ல.

சி.எஸ்.வி. என்பது காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட வெறும் எழுத்துக் கோப்பு. எக்செல்லில் திறக்கலாம், பெரும்பாலான மென்பொருள்கள் ஏற்கும். திகதி, விபரம், தொகை என்று மூன்று நிரலாகவோ, வந்த தொகைக்கும் போன தொகைக்கும் தனித்தனி நிரல் வைத்து நான்காகவோ அமைக்க வேண்டும். இதன் குறை என்னவென்றால், ஒரு வரி ஏற்கனவே ஏற்றப்பட்டதா இல்லையா என்பதை உறுதியாக அறியக்கூடிய அடையாளம் அதில் இல்லை. ஒரே கோப்பை இரண்டு தரம் ஏற்றினால் இரண்டு தரமும் உள்ளே போகக்கூடும்.

ஓ.எப்.எக்ஸ். என்பது 1997ஆம் ஆண்டு மைக்ரோசொப்ட், இன்டியூட், செக்ஃப்ரீ ஆகிய மூன்று நிறுவனங்கள் சேர்ந்து அறிமுகப்படுத்திய வடிவம். இதில் ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலுக்கும் வங்கி தனித்தனி அடையாள இலக்கம் கொடுக்கின்றது. ஆகவே ஒரே வரி மீண்டும் வந்தால் மென்பொருள் அதனை அடையாளம் கண்டு தள்ளிவிட முடியும். உங்கள் வங்கி இதனைத் தருமானால் இதையே எடுங்கள். பெரிய கம்பனிகளுக்கு வங்கிகள் சுவிஃப்ட் முறையிலான எம்.டி. 940 என்ற கூற்றைத் தருவதுண்டு. சிறு கடைகளுக்கு அது அவசியமில்லை.

ஒன்றைக் கவனியுங்கள். ஓ.எப்.எக்ஸ். ஆக இருந்தாலும் அது தடுப்பது வங்கி வரி இரண்டு தரம் வருவதை மாத்திரமே. காசாளர் கையால் பதிந்ததும் வங்கியிலிருந்து வந்ததும் ஒன்றே என்பதை மனிதன்தான் சொல்ல வேண்டும்.

ஏற்றுவதற்கு முன்னர்

சி.எஸ்.வி. கோப்பை ஏற்றுவதற்கு முன் கீழ்வரும் விடயங்களைப் பார்த்துக்கொள்வது நல்லது.

1. திகதி. 03/04 என்பது எமக்கு ஏப்ரல் 3. அமெரிக்க முறையில் அமைக்கப்பட்ட கணினிக்கு அது மார்ச் 4. மாதத்தின் முதல் 12 நாட்களில்தான் இந்தக் குழப்பம் ஒளிந்திருக்கும். 13ஆம் திகதிக்குப் பின்னர் மாதம் பதின்மூன்று என்று ஒன்று இல்லாதபடியால் பிழை வெளியே தெரிந்துவிடும். ஆகவே சரிபார்க்கும்போது மாத ஆரம்பத்து வரி ஒன்றைப் பாருங்கள்.

2. காசோலை இலக்கம். எமது காசோலைகளின் இலக்கம் ஆறு எண்களைக் கொண்டது. 004512 என்பதை எக்செல் வெறும் 4512 ஆக்கிவிடும். பின்னர் எமது அடிக்கட்டையோடு பொருத்தும்போது மென்பொருள் அதனை வேறு காசோலை என்று நினைக்கும். அந்த நிரலை எண்ணாக அல்லாமல் எழுத்தாக வைக்குமாறு எக்செல்லுக்குச் சொல்ல வேண்டும்.

3. முன்கொணர்ந்த மீதி. கூற்றின் முதல் வரியில் சென்ற மாத மீதி இருக்கும். அதனை நீக்காமல் ஏற்றினால் அது ஒரு புதிய வைப்பாக உள்ளே போய்விடும். கடைசியில் வரும் மொத்த வரியும் அப்படித்தான்.

4. தொகைக்குப் பக்கத்தில் உள்ள எழுத்துகளும் காற்புள்ளிகளும். இவை இருந்தால் சில மென்பொருள்கள் தொகையைத் தொகையாக ஏற்பதில்லை.

5. கால எல்லை. சென்ற தடவை எந்தத் திகதி வரை ஏற்றினோம் என்பதை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அடுத்த தடவை அதற்கு மறுநாளிலிருந்து இறக்குங்கள். இரண்டு நாள் மேலே விழுந்தால் இரண்டு நாள் வியாபாரம் இரட்டிப்பாகும்.

சேர்ப்பதா, பொருத்துவதா?

ஏற்றிய பின்னர் ஒவ்வொரு வரிக்கும் மென்பொருள் எம்மிடம் ஒரு தீர்ப்பைக் கேட்கின்றது. எமது புத்தகத்தில் ஏற்கனவே உள்ள பதிவோடு இதனைப் பொருத்துவதா, புதிதாகச் சேர்ப்பதா, எமது ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குப் போன பணமா, அல்லது வேண்டாம் என்று ஒதுக்குவதா?

நாமே எழுதிய காசோலைகள், நாமே போட்ட வைப்புகள் அனைத்தும் பொருத்தப்பட வேண்டியவை. வங்கி மாத்திரம் அறிந்த விடயங்கள், அதாவது வங்கிக் கட்டணம், காசோலைப் புத்தகக் கட்டணம், நிலையியற் கட்டளைப்படி போன தவணை, வாடிக்கையாளர் எமக்குச் சொல்லாமல் நேரடியாகப் போட்ட பணம் போன்றவைதான் புதிதாகச் சேர்க்கப்பட வேண்டியவை. நூறு வரியில் பத்துப் பதினைந்துக்கு மேல் சேர்க்க வேண்டி வந்தால், ஒன்றில் நாம் ஒழுங்காகப் பதியவில்லை, அல்லது பொருத்த வேண்டியதைச் சேர்த்துக்கொண்டிருக்கின்றோம்.

வந்த பணமெல்லாம் வியாபாரம் அல்ல என்பதையும் மறக்கக்கூடாது. சகோதரர் தந்த கைமாற்று, பொருளுக்கான முற்பணம், சொந்தச் சேமிப்புக் கணக்கிலிருந்து மாற்றிய பணம் ஆகியவற்றையெல்லாம் மென்பொருள் தானாகவே விற்பனை என்று போட்டுவிடும். அட்டை இயந்திரத்தின் மூலம் வருவதும் கவனத்துக்குரியது. ஒரு நாள் அட்டை விற்பனை 80,000 ரூபா, வங்கித் தரகு நூற்றுக்கு இரண்டரை என்று வைத்துக்கொண்டால் வங்கியில் விழுவது 78,000. விற்பனை 80,000 என்றும் தரகுச் செலவு 2,000 என்றும் இருக்க வேண்டும். 78,000ஐயே விற்பனையாகப் போட்டால் கணக்கும் பிழை, தரகுக்கு எவ்வளவு கொடுக்கின்றோம் என்பதும் எமக்கே தெரியாமல் போய்விடும்.

நேரடி வைப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2015ஆம் ஆண்டு முதல் வங்கிக்கு வங்கி உடனுக்குடன் பணம் மாற்றும் முறை எமது நாட்டில் இருக்கின்றது. பிரயோசனமான விடயம். ஆனால் கூற்றில் ஒரு தொகையும் புரியாத இலக்கமும் மட்டும் வந்தால், பணம் போட்டது கண்டி வாடிக்கையாளரா காத்தான்குடி வாடிக்கையாளரா என்று எப்படி அறிவது? பணம் அனுப்பும்போது குறிப்பில் பில் இலக்கத்தைப் போடுமாறு வாடிக்கையாளர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பில்லிலேயே அதனை அச்சடித்தும் விடலாம்.

ஓர் உதாரணம்

எல்லாவற்றையும் சரியாகச் செய்த பின்னரும் வங்கி மீதியும் எமது மீதியும் ஒன்றாக இருக்காது. அது பிழையல்ல. எந்தக் காரணத்தால் வேறுபடுகின்றது என்று எழுத்தில் காட்ட முடிய வேண்டும், அவ்வளவுதான்.

மார்ச் 31இல் வங்கிக் கூற்றின்படி மீதி 842,350 ரூபா என்று வைத்துக்கொள்வோம். வங்கியில் போட்டும் இன்னும் தேறாத காசோலைகள் 175,000. இதனைக் கூட்ட வேண்டும். நாம் பொருட்காரர்களுக்கு எழுதிக் கொடுத்து அவர்கள் இன்னும் வங்கியில் சமர்ப்பிக்காத காசோலைகள் 96,500, 213,000 என இரண்டு, மொத்தம் 309,500. இதனைக் கழிக்க வேண்டும். மிஞ்சுவது 707,850 ரூபா.

இப்போது எமது புத்தகம். அதில் மீதி 754,100. வங்கி அறவிட்ட கட்டணம் 1,250ஐக் கழிக்கின்றோம். நாம் போட்ட காசோலை ஒன்று பணமில்லை என்று திரும்பியிருக்கின்றது, 85,000. அதனையும் கழிக்கின்றோம். வாடிக்கையாளர் ஒருவர் நேரடியாகப் போட்ட 40,000ஐக் கூட்டுகின்றோம். இங்கும் 707,850 ரூபா. இரண்டு சாட்சியும் ஒரே வார்த்தையைச் சொல்லிவிட்டன.

இந்த உதாரணத்தில் முக்கியமான வரி திரும்பிய காசோலைதான். எமது வர்த்தகம் காசோலையில் ஓடுவது. 2006ஆம் ஆண்டு லங்கா கிளியர், அதாவது பின்னர் லங்காபே எனப் பெயர் மாறிய நிறுவனம், காசோலையின் படத்தை வைத்தே தீர்வு செய்யும் முறையை ஆரம்பித்த பிறகு, தூர ஊர்க் காசோலைக்கு ஒரு வாரம் காத்திருந்த காலம் போய், தேறியதா திரும்பியதா என்பது விரைவில் தெரிந்துவிடுகின்றது. வங்கிக்கு விரைவில் தெரிகின்றது, எமக்குத் தெரிகின்றதா? நாம் அந்த வரியைப் பார்க்காவிட்டால், எமது புத்தகத்தில் அந்த வாடிக்கையாளர் கடனைத் தீர்த்தவராகவே இருப்பார். அடுத்த வாரம் வந்து "நானா, பழைய கணக்கு முடிஞ்சிதானே" என்று சொல்லி இன்னும் 200,000 ரூபாவுக்குத் துணி எடுத்துப் போவார். கடை நட்டப்படுவது இப்படித்தான். ஆகவே காசோலை திரும்பினால் அந்தத் தொகையை மீண்டும் அவருடைய பேரில் கடனாகப் பதிய வேண்டும், வங்கி அறவிட்ட கட்டணத்தையும் பதிய வேண்டும்.

பின் திகதியிட்ட காசோலைகளை அந்தத் திகதி வரும்வரை வங்கிக் கணக்கில் காட்டாதீர்கள். "கைவசமுள்ள காசோலைகள்" என்று மென்பொருளில் தனியாக ஒரு கணக்கைத் திறந்து அதில் வையுங்கள். நாம் கொடுத்து ஆறு மாதம் கடந்தும் சமர்ப்பிக்கப்படாத காசோலை இருந்தால், வாங்கியவரைக் கூப்பிட்டு விசாரியுங்கள். அந்தக் காசோலை காலாவதியாகிவிட்டது, எமது கடன் காலாவதியாகவில்லை.

வித்தியாசம் பிடிபடாவிட்டால்

பழைய கணக்கப்பிள்ளைகள் சொல்லித்தந்த சில வழிகள் கணினிக் காலத்திலும் பயன்படுகின்றன. வித்தியாசத்தை ஒன்பதால் வகுத்துப் பாருங்கள். மீதியின்றி வகுபட்டால் எண்கள் இடம் மாறியிருக்கக் கூடும். 54,000ஐ 45,000 என்று பதிந்தால் வித்தியாசம் 9,000. அடுத்து, வித்தியாசத்தின் சரி பாதியைத் தேடுங்கள். அப்படி ஒரு தொகை இருந்தால், வரவில் போட வேண்டியது செலவில் விழுந்திருக்கலாம். மூன்றாவது, தொகையை விட்டு எண்ணிக்கையை எண்ணுங்கள். என்னைக் காப்பாற்றியது இந்த மூன்றாவது வழிதான்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். வித்தியாசம் பிடிபடவில்லை என்றால் அதனை "சீராக்கம்" என்ற பெயரில் ஒரு பதிவாகப் போட்டு முடித்துவிடுவதற்குச் சில மென்பொருள்களில் வசதி இருக்கின்றது. அது புண்ணைக் கழுவாமல் கட்டுப்போடுவதைப் போன்றது.

ஸகாத்தும் வரியும்

எனது கடையில் நடந்த பிழை பிடிபடாமல் போயிருந்தால் என்ன நடந்திருக்கும்? விற்பனை 145,000 ரூபாவால் கூடியிருக்கும். பெறுமதி சேர் வரி 2024 ஜனவரி 1 முதல் நூற்றுக்கு 18. வரி உள்ளடங்கிய விலை என்று கணக்கிட்டால், நடக்காத வியாபாரத்துக்கு 22,118 ரூபா 64 சதம் வரி. வருமான வரி வேறு. மறுபக்கமாக, வந்த பணம் பதியப்படாமல் விடுபட்டிருந்தால், அரசாங்கத்துக்குச் சேர வேண்டியதை நாம் அறியாமலேயே வைத்துக்கொண்டவர்களாக ஆகியிருப்போம்.

ஸகாத் கணக்கிடும்போது எம்மில் பலர் வங்கிக் கூற்றின் கடைசி மீதியை எடுத்துக்கொள்கின்றனர். மேலே சொன்ன உதாரணத்தில் அது 842,350. இணக்கம் கண்ட மீதியோ 707,850. வித்தியாசம் 134,500, அதில் நூற்றுக்கு இரண்டரை 3,362 ரூபா 50 சதம். இந்த உதாரணத்தில் கூடுதலாகக் கொடுக்கின்றோம், அதனால் நட்டமில்லை என்று சொல்லலாம். அடுத்த வருடம் இதுவே குறைவாகவும் அமையலாம். அது ஏழையின் ஹக்கு. திரும்பிய காசோலை, தேறாத காசோலை, வராக்கடன் ஆகியவற்றுக்கான சட்டத்தை உலமாக்களிடம் கேளுங்கள். ஆனால் அவர்களிடம் போவதற்கு முன்னர் எண்களைச் சரிபார்த்துக்கொண்டு போவது எமது கடமை.

வட்டி விடயமும் இவ்வாறே. 2005ஆம் ஆண்டு வங்கிச் சட்டம் திருத்தப்பட்டு இஸ்லாமிய வங்கி முறைக்கு வழி திறந்தது. 2011ஆம் ஆண்டு அமானா வங்கியும் ஆரம்பமானது. எனினும் வெவ்வேறு காரணங்களுக்காக வழமையான வங்கிகளிலும் கணக்கு வைத்திருப்போர் எம்மில் பலர். அந்தச் சேமிப்புக் கணக்கில் வட்டி ஒரு வரியாக வந்து விழுகின்றது, அதிலிருந்து வங்கி கழிக்கும் வரி, 2025 ஏப்ரல் முதல் நூற்றுக்கு 10, இன்னொரு வரியாகப் போகின்றது. "அனைத்தையும் சேர்" என்று அழுத்தினால் அந்த வட்டி எமது வியாபார வருமானத்தோடு கலந்து மறைந்துவிடும். வரிக்கு வரி பார்ப்பவருக்கு மாத்திரமே அதனைப் பிரித்தெடுத்துத் தனிக் கணக்கில் வைத்து, மார்க்கம் காட்டிய வழியில் அகற்ற முடியும்.

யார் செய்வது, எப்போது செய்வது?

பணத்தை வங்கிக்குக் கொண்டுபோகின்றவரும், அதனைப் பதிகின்றவரும், இணக்கம் பார்க்கின்றவரும் ஒருவராக இருக்கக்கூடாது. சிறு கடையில் அத்தனை ஆட்கள் இல்லை என்பது உண்மை. அப்படியானால் இணக்கம் பார்ப்பதை முதலாளியே செய்ய வேண்டும். கூற்றையும் அவரே இறக்க வேண்டும். இது ஊழியர்மீது சந்தேகப்படுவதாகாது, ஊழியருக்குப் பாதுகாப்பாகும். எமது கடையில் இது முறையாக நடந்திருந்தால் அந்தப் பிள்ளை அன்று எல்லோர் முன்னிலையிலும் நின்றிருக்க வேண்டி வந்திராது.

மாதத்துக்கு ஒரு தடவை போதாது. வாரத்துக்கு ஒரு தடவை அரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஒரு வாரத்து விடயம் எல்லோருக்கும் நினைவிருக்கும், இரண்டு மாதத்து விடயத்தை யாரிடம் கேட்பது? இயந்திரம் தரும் சீட்டை அன்றே கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள், அல்லது போட்டோ பிரதி எடுங்கள். அந்தத் தாளை நம்பாதீர்கள். இணக்கம் முடிந்ததும் அந்தத் திகதி வரையான பதிவுகளை யாரும் மாற்ற முடியாதவாறு பூட்டிவைக்கும் வசதி பல மென்பொருள்களில் உண்டு. அதனைப் பயன்படுத்துங்கள்.

குர்ஆனிலுள்ள மிக நீளமான வசனம் எதைப் பற்றியது? சூரா அல்பகராவின் 282ஆவது வசனம், தவணைக் கடனை எழுதிக்கொள்வது பற்றியது. சிறியதோ பெரியதோ எழுதச் சலிப்படைய வேண்டாம் என்றும், எழுதுகின்றவர் நீதியோடு எழுத வேண்டும் என்றும், எழுதியவருக்கோ சாட்சிக்கோ தீங்கு இழைக்கப்படக்கூடாது என்றும் அதில் கட்டளையிடப்படுகின்றது. இந்தக் கடைசிப் பகுதியை நான் பல தடவை ஓதியிருக்கின்றேன். அதன் பாரம் எனக்கு விளங்கியது, எழுத்தழிந்த அந்த வெள்ளைச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற நாளில்தான்.

அந்தப் பிள்ளை இன்றும் எம்முடன்தான் இருக்கின்றார். பணத்தை எண்ணிக் கொடுத்ததும் நான் புத்தகத்தில் கையொப்பமிடுகின்றேன், அவரும் இடுகின்றார். சீட்டு வந்ததும் படம் எடுத்துக்கொள்கின்றோம். வியாழக்கிழமை மாலை மருமகன் வந்து கூற்றை ஏற்றுகின்றான். அவன் பொத்தானை அழுத்துவதற்கு முன்னர் நான் எண்ணிக்கையைக் கேட்கின்றேன். வங்கியில் எத்தனை, புத்தகத்தில் எத்தனை, கணினியில் எத்தனை? மூன்றும் ஒன்றாக வந்தால்தான் கடையைப் பூட்டுகின்றோம்.

வஸ்ஸலாம்.